பால்கனி சோலார் வாங்கலாமா? ஹாலே நகரத்திலிருந்து ஒரு நர்ஸின் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், தெற்கு பார்த்த பால்கனி இருக்கிறது, பகலில் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்றால் 800 வாட் பால்கனி சோலார் செட்டைத் தாராளமாக வாங்கலாம். கூடவே தலையில் கட்டப் பார்க்கும் பேட்டரி வேண்டாம். விளம்பரத்தில் ‘இனி யாரையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை’ என்று போட்டிருப்பார்கள். அந்த வரியை நம்பியும் வாங்க வேண்டாம்.

நான் நர்ஸ். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், ஆரல்வாய்மொழிப் பக்கம். வாசலில் நின்றால் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். இப்போது இருப்பது ஜெர்மனியின் கிழக்கே, சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில் ஹாலே நகரம். வீடு ஹாலே-நொய்ஷ்டாட்டில். லொய்னா, ஷ்கோப்பாவ் ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கிழக்கு ஜெர்மனி அரசு 1964இல் கட்டத் தொடங்கிய கான்கிரீட் குடியிருப்பு அது. எங்களுடையது தரையிலிருந்து அரைமாடி உயரத்தில் இருக்கும் வீடு. இந்த விவரம் வாங்குகிறவர்களுக்கு முக்கியம், ஏனென்றால் கண்ணாடி போட்ட சோலார் பலகையை (பேனலை) நாலு மீட்டருக்கு மேலே மாட்டினால் கட்டட விதிகள் கடுமையாகிவிடுகின்றன. மேல்மாடிக்காரர்கள் கண்ணாடி இல்லாத இலகுவான பலகையைத் தேடுவது நல்லது.

வாங்கியது இதுதான்: 445 வாட் பலகை இரண்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி, ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல். ஹோய்மைல்ஸ் எச்எம்எஸ்-800-2டி என்ற சின்ன இன்வெர்ட்டர், அதாவது பலகையின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி, பேட்டரி கிடையாது. ஐந்து மீட்டர் கேபிள், கிராதியில் மாட்டுகிற கொக்கிகள். எல்லாம் சேர்த்து 430 யூரோ. 2023 ஜனவரியிலிருந்து இதற்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. முன்பு 600 வாட் வரைதான் அனுமதி. 2024 மே மாதத்துச் சட்டத்தில் 800 ஆக்கினார்கள். பலகையில் வருகிற கரண்ட் இன்வெர்ட்டருக்குப் போகிறது, இன்வெர்ட்டரிலிருந்து வருகிற பிளக்கை பால்கனி சாக்கெட்டில் சொருகினால் வேலை முடிந்தது. வீட்டில் ஓடுகிற ஃப்ரிட்ஜ், மோடம் எல்லாம் முதலில் அதை எடுத்துக்கொள்ளும். மிஞ்சினால் வெளிக் கம்பிக்குப் போகும், அதற்குக் காசு வராது. போதாததை வழக்கம்போல் மீட்டர் வழியாக இழுத்துக்கொள்ளும்.

ஊரில் அம்மாவிடம் வீடியோவில் காட்டியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “கரண்டு போனா இது ஓடுமா மக்களே?” ஓடாது. வெளியே கரண்ட் நின்றால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் கம்பியில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஆபத்து. பேட்டரியோடு யூபிஎஸ் வைத்துப் பழகிய நம் ஊர்க்காரர்கள் பலர் இதை எதிர்பார்த்து வாங்கி ஏமாறுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பொருள் நன்றாக இருந்தது, விற்ற ஆன்லைன் கடை நன்றாக இல்லை. லாரிக்காரர் தெருவோரத்தில் மரப் பேலட்டோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார், அதுதான் விதியாம். பிரித்துப் பார்த்தால் சதுரக் கம்பிக்கான கொக்கி வந்திருக்கிறது, எங்கள் கிராதியோ உருண்டைக் கம்பி. ஆர்டரில் ‘உருண்டை’ என்று தெளிவாகப் போட்டிருந்தேன். போன் நம்பரே கிடையாது, சாட்டில் இயந்திரம் பதில் சொல்கிறது. படம் எடுத்து அனுப்பி, திரும்ப அனுப்பி, கடைசியில் சரியான கொக்கி வந்து சேர்வதற்குள் வெயில் காலத்தில் பாதி போய்விட்டது. அதற்குள் என் கணவர் ரெண்டு பலகையையும் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்துவைத்திருந்தார். வாங்குவதற்கு முன் கொக்கியின் உள்விட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொக்கி வந்த அன்று பலகையைத் தூக்க வந்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். எழுபதை நெருங்குகிறார், தனியாக இருக்கிறார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கூப்பிடுவதுபோல் ‘ஷ்வெஸ்டர்’ (சிஸ்டர்) என்றுதான். பலகையைக் கிராதியில் சாய்த்ததும் அவர் உடனே மாட்டவில்லை. கண்ணாடியை ஓரத்திலிருந்து வெளிச்சத்துக்குப் பிடித்து, கீழே குனிந்து, செல்களுக்கு மேலே ஓடும் மயிரிழை வெள்ளிக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பலகைச் சட்டகத்தின் மூலையைக் கட்டைவிரலால் தடவினார். பின்பக்க லேபிளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “சுத்தமான வேலை. ஒரு செல்கூட நகரவில்லை. எங்களால் இந்த விலைக்குச் செய்ய முடிந்திருக்காது” என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, அவர் தால்ஹைமில் சோலார் செல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்று. தால்ஹைம் எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கலாம், பிட்டர்ஃபெல்ட்-வோல்ஃபன் நகராட்சியில் ஒரு பகுதி. 1999இல் தொடங்கி அங்கே செல் செய்த க்யூ-செல்ஸ் கம்பெனி 2008இல் உலகத்திலேயே அதிகம் சோலார் செல் செய்கிற கம்பெனியாக இருந்தது. தொழிற்சாலை இருந்த தெருவுக்கே ஸொன்னன்அல்லே, சூரியச் சாலை, என்று பெயர் வைத்தார்கள். 2012 ஏப்ரலில் கம்பெனி திவால். கொரியாவின் ஹன்வா வாங்கியது. 2015இல் செல் உற்பத்தியை மலேசியாவுக்கு எடுத்துப் போனது, ஆராய்ச்சிப் பிரிவு போன்ற சிலதான் மிஞ்சின. பிறகு சுவிட்சர்லாந்தின் மேயர் புர்கர் 2021இல் அதே தால்ஹைமில் செல் செய்ய ஆரம்பித்தது. பெரியவருக்கு அப்போது வயதாகிவிட்டது, ஆனால் தன்னோடு வேலை பார்த்த சில இளைஞர்களுக்கு அங்கே மறுபடி இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாராம். 2025இல் அதுவும் திவால்.

அவர் வாழ்க்கையைக் கேட்டால் ஐரோப்பாவின் எரிசக்திக் கதை முழுக்க அதில் இருக்கிறது. எழுபதுகளில் கிழக்கு ஜெர்மனி இளைஞர்களை உக்ரைனுக்கு அனுப்பி, சோவியத் எரிவாயு மேற்கே வருவதற்கான குழாயில் 500 கிலோமீட்டருக்கு மேல் போட வைத்தார்கள். அதில் வெல்டருக்கு உதவியாளாகப் போனவர்களில் இவரும் ஒருவர். திரும்பி வந்து வோல்ஃபன் ஃபிலிம் தொழிற்சாலை. ஜெர்மனி இணைந்த பிறகு சில வருஷங்களில் அதுவும் மூடிவிட்டது. பிறகு சோலார். மூன்று இடத்திலும் ‘எதிர்காலம் இதுதான்’ என்று சொல்லித்தான் சேர்த்தார்களாம். அவர் கோபத்தை நான் மரியாதையோடு கேட்கிறேன். அவர் சொல்கிற தீர்வுகளில் பலவற்றை ஏற்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னுடையதுபோன்ற சீனப் பலகை எப்படி இவ்வளவு மலிவு என்பதற்கு அரசியல் பதில் ஒன்று இருக்கிறது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் சீனப் பலகைகளுக்கு வரி போட்டது. அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பது புகார். சீனா பதிலுக்கு ஐரோப்பிய ஒயின்மேல் விசாரணை ஆரம்பித்தது. அப்போது வரி வேண்டாம் என்று சொன்னவர்களில் முன்வரிசையில் நின்றது அன்றைய பிரதமர் அங்கெலா மெர்க்கலின் ஜெர்மனிதான். கார் ஏற்றுமதிக்கு அடி விழும் என்ற பயம். கடைசியில் வாட்டுக்கு 56 சென்ட் என்று குறைந்தபட்ச விலை பேசி முடித்தார்கள், 2018 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்று என் பலகை வாட்டுக்கு 15 சென்ட்டுக்கும் கீழே விழுந்திருக்கிறது. வாங்குகிற எனக்கு லாபம், எதிர்வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. இரண்டும் ஒரே மலிவால் நடந்தவை.

விலை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் பேசப்படுகிறது, அது என் மனதை உறுத்துகிறது. பலகைக்கான சிலிக்கானில் ஒரு பெரும் பங்கு ஷின்ஜியாங்கிலிருந்து வருகிறது, அங்கே உய்குர் மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதாகக் குற்றச்சாட்டு இருக்கிறது. கட்டாய உழைப்பில் செய்த பொருள்களைத் தடைசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது, 2027 டிசம்பரில்தான் அமலுக்கு வரும். என் பலகையின் சிலிக்கான் எங்கிருந்து வந்தது என்று கடைக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. ஐரோப்பாவில் செய்த பலகை என்று தேடினாலும் வழி குறைவு. மேயர் புர்கர் ஃப்ரைபெர்க் ஆலையை 2024 மார்ச்சில் மூடியது, டிரெஸ்டனில் சோலார்வாட் அதே ஆண்டு பலகை செய்வதை நிறுத்தியது. நூறு யூரோ கூட என்றாலும் உள்ளூர்ப் பலகை வாங்கியிருப்பேன் என்று பெரியவரிடம் சொன்னேன். “எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் ஷ்வெஸ்டர். விலையைப் பார்த்ததும் கை மாறிவிடும்” என்றார். இருக்கலாம். ஆனால் நூறு யூரோ என்பது இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் வாரச் சாமான் செலவு. அதை மக்கள் தலையில் விடாமல் அரசாங்கம் கொள்கையாக எடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சரி, எவ்வளவு வருகிறது? முதல் முழு ஆண்டில் சுமார் 540 யூனிட். அதில் நாங்கள் உபயோகித்தது 370 போல, மீதி வெளியே போனது. எங்கள் கட்டணம் யூனிட்டுக்கு 33 சென்ட் என்பதால் வருஷத்துக்கு 120 யூரோ மிச்சம். போட்ட பணம் மூன்றரை, நாலு வருஷத்தில் திரும்பிவிடும். எங்களுக்குச் சிறந்த மாதம் ஏப்ரல். மே மாதத்தில் எதிரே நிற்கும் லிண்டன் மரம் இலை விட்டுவிடும், நாலு மணிக்குமேல் பாதிப் பலகை நிழலில் போய்விடும். டிசம்பர் மாதம் முழுவதும் சேர்த்தால் பன்னிரண்டு யூனிட்தான். வாங்குகிறவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தெற்கு என்று மட்டும் பார்த்தால் போதாது.

பகலில் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும் என்று சொன்னதற்குக் காரணம் என் வேலை. நைட் டூட்டி முடித்து வந்து தூங்கி, பதினொன்றரை வாக்கில் எழுந்தால் வெயில் பலகைமேல் நேராக அடிக்கும். அப்போது துணி போடுவேன், அரிசி குக்கரை வைப்பேன், மாவரைக்கிற நாளாக இருந்தால் கிரைண்டரையும் போட்டுவிடுவேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. ஒன்று முடிந்து ஒன்று. வாஷிங் மெஷின் தண்ணீர் சுட வைக்கும்போது இரண்டாயிரம் வாட் இழுக்கும், அதற்குப் பலகை கால்வாசிதான் கொடுக்கும். 60 டிகிரிக்குப் பதில் 40இல் போட்டால் நல்ல வித்தியாசம். பகல் முழுக்க ஆபீஸில் இருக்கிற இருவருக்கு இதே செட் எங்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட மிச்சம் தராது.

இப்போது அந்த ‘யாரையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை’ விஷயம். ஜெர்மன் வீடுகளில் எரிசக்தியின் பெரும்பகுதி, மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு, வீட்டைச் சூடாக்கவே போகிறது. எங்கள் குடியிருப்புக்குச் சூடு நகரத்துக் குழாயில் வருகிறது, அந்தத் தண்ணீரைச் சூடாக்குவது பெரும்பாலும் எரிவாயு. டிசம்பரில் பன்னிரண்டு யூனிட் தருகிற பலகை அதைத் தொடவே தொடாது.

2021இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் 55% ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த பிறகு, ஜூனில் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு வரும் நார்டு ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாயில் வரத்தை 40 சதவீதமாகக் குறைத்தார்கள், ஜூலைக் கடைசியில் 20, ஆகஸ்ட் முடிவில் பூஜ்யம். செப்டம்பர் 26 அன்று கடலுக்கடியில் குழாய் வெடித்தது. அந்தக் குளிர்காலத்தில் பொதுக் கட்டடங்களில் 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று உத்தரவு. எங்கள் வீட்டு ஹீட்டிங் முன்பணத்தை ஏற்றிய கடிதத்தை நானும் கணவரும் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், அந்தத் தொகை ஊருக்கு அனுப்புகிற பணத்தில் பெரும்பங்கு. எங்கள் மாநிலத்திலேயே விட்டன்பெர்க் நகரத்தில் ஜெர்மனியின் மிகப் பெரிய அம்மோனியா ஆலை அந்த ஆண்டு உற்பத்தியையே நிறுத்தி வைத்தது, எரிவாயு விலை தாங்காமல்.

பெரியவர் சொல்வது: மலிவான கேஸ் வந்துகொண்டிருந்தது, நாமே நம் கையை வெட்டிக்கொண்டோம். இந்தப் பேச்சை டிராமிலும் சூப்பர் மார்க்கெட் வரிசையிலும் இங்கே தினமும் கேட்கலாம். தான் போட்ட குழாய் ஓடுகிற நிலத்தில் குண்டு விழுவதைப் பார்த்து அவர் கலங்குகிறார், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ‘போர் வேறு, கேஸ் வேறு’ என்கிறார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. போர் தொடங்குவதற்கு முன்னாலேயே, 2021-22 குளிர்காலத்தில், ஜெர்மனியின் மிகப் பெரிய எரிவாயுக் கிடங்கு ரேடன் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. அதை நடத்தியது ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் குழுமத்தின் கம்பெனி. சேமிப்புச் சாவியையே விற்பவர் கையில் கொடுத்துவிட்ட பிறகு அந்த விலையை மலிவு என்று எப்படிச் சொல்வது?

அதே கேள்வியை என் பலகையிடமும் கேட்க வேண்டும் அல்லவா? ஐரோப்பாவில் பொருத்துகிற பலகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சீனாவுடையவை. ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போய் நிற்கிறோம் என்று பெரியவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எரிவாயு நின்றால் சில நாளில் வீடு குளிரும். பலகை அப்படியில்லை, நாளைக்கே சீனா ஏற்றுமதியை நிறுத்தினாலும் என் கிராதியில் மாட்டியது இருபது, இருபத்தைந்து வருஷம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். புதிதாக மாட்டுவதுதான் நிற்கும். அந்த அவகாசத்தில் வேறு வழி தேடலாம். எரிவாயுவில் அந்த அவகாசம் கிடையாது.

ஆனால் இன்வெர்ட்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். இணையத்தோடு இணைந்த இன்வெர்ட்டரை, அதைச் செய்த கம்பெனியால் தொலைவிலிருந்தே நிறுத்த முடியும். லிதுவேனியா 2024இல் சட்டமே போட்டது: 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சோலார், காற்றாலை நிலையங்களைச் சீனாவிலிருந்து தொலைவில் இயக்க வழி இருக்கக் கூடாது என்று. என் 800 வாட்டை யாரும் சீண்டப் போவதில்லை. ஆனால் ஜெர்மனியில் பதிவான பால்கனி சோலார்கள் 2025இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்ன விஷயம் அல்ல. அதனால்தான் வைஃபை உள்ளடங்காத மாடலைத் தேடி வாங்கினேன். இது செயலி இல்லாமல், கணக்கு தொடங்காமல், பிளக்கைச் சொருகியதும் வேலை செய்கிறது. எவ்வளவு வருகிறது என்று பார்க்க, கரண்ட் அளக்கும் சாக்கெட் ஒன்றை இருபது யூரோவுக்குத் தனியாக வாங்கி நடுவில் போட்டிருக்கிறேன். கடைக்காரர்கள் வைஃபை மாடலைத்தான் முன்னால் காட்டுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

ரஷ்யாவை விட்ட இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 17 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் அன்றைய பிரதமர் ஓலாஃப் ஷோல்ட்ஸ் ஜெர்மனியின் முதல் திரவ எரிவாயு முனையத்தைத் திறந்துவைத்தார். அமெரிக்க எரிவாயு இன்று ஐரோப்பாவுக்குக் கப்பலில் வருவதில் மிகப் பெரிய பங்கு. 2025 ஜூலையில் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் டிரம்பும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஊர்சுலா ஃபான் டெர் லேயனும் பேசி முடித்தபோது ஐரோப்பியப் பொருள்களுக்கு 15% வரி என்பதோடு, மூன்றாண்டில் 750 பில்லியன் டாலருக்கு அமெரிக்க எரிசக்தி வாங்குவதாகவும் சொல்லப்பட்டது. வரி மேசையில் எரிவாயு ஒரு பேரப் பொருளாக வந்து உட்கார்ந்துவிட்டது. இதைப் பற்றிப் பெரியவரும் நானும் ஒரே கருத்து: மறுபடி ஒரே கடையில் கணக்கு வைக்கிறோம்.

இந்த செட்டைப் பற்றி எழுதும்போது குடியேற்றத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். என் பால்கனிக்கு இது வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். லாரி ஓட்டி வந்தவர் ருமேனியர். பழைய, தட்டுச் சுற்றும் மீட்டரை எடுத்துவிட்டு டிஜிட்டல் மீட்டர் மாட்ட வந்த குழுவில் தொழில் பழகுகிற பையன் சிரியாக்காரன். என் கணவர் வேலை பார்க்கிற லைப்ஸிக்-ஹாலே விமான நிலையச் சரக்குப் பிரிவில் இரவு ஷிஃப்ட் என்றால் எத்தனையோ நாட்டுக்காரர்கள். நான் இருக்கிற வார்டில் இரவு டாக்டர் சிரியாவிலிருந்து வந்தவர். 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்தது. மறுநாளே சிடியு கட்சி அரசியல்வாதி யென்ஸ் ஷ்பான் தொலைக்காட்சியில், ஊர் திரும்புகிற சிரியர்களுக்கு விமானமும் ஆயிரம் யூரோவும் கொடுக்கலாமே என்றார். அன்று இரவு அந்த டாக்டர் வழக்கம்போல் ரவுண்டு வந்தார், ஒன்றும் பேசவில்லை. ஜெர்மன் ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு டாக்டர்களில் சிரியர்கள்தான் முதலிடம். அவர்கள் போய்விட்டால் எங்கள் வார்டு இரவில் எப்படி ஓடும் என்று அந்த நிகழ்ச்சியில் யாரும் கேட்கவில்லை.

அதே மாதம் 20ஆம் தேதி மாக்டெபுர்க் கிறிஸ்துமஸ் சந்தைத் தாக்குதல். செய்தவன் சவூதியிலிருந்து வந்த மனநல டாக்டர். அந்தத் துயரம் எங்கள் மாநிலத்தையே உலுக்கியது, எங்கள் ஆஸ்பத்திரியிலும் அழாதவர்கள் இல்லை. ஆனால் அடுத்த சில வாரம் டிராமில் என் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. ஒருவர் ‘எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ’ என்று சொல்லிவிட்டு இறங்கினார். வேலைக்குப் போகிற வழியில், யூனிஃபார்ம் பைக்குள் இருக்க, அதைக் கேட்டேன்.

பெரியவரும் ‘வெளிநாட்டவர் அதிகமாகிவிட்டார்கள்’ என்று சொல்கிறவர்தான். சொல்லிவிட்டு உடனே “உங்களைச் சொல்லவில்லை ஷ்வெஸ்டர்” என்பார். ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன்: “டிராமில் இருப்பவருக்கு என் சர்டிஃபிகேட் தெரியாது. நீங்கள் சொல்வது என்னையும் சேர்த்துத்தான்.” அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் வேலை மலேசியாவுக்குப் போனபோது ஒருவரும் வந்து கேட்கவில்லை என்றார். அதுதான் அவர் கோபத்தின் வேர் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வேலையை எடுத்துப் போனவர்கள் சிரியர்களோ நானோ அல்ல. போனது வரி பேசிய மேசைகளில். 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் மாநிலத்தில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சிக்கு 37.1% வாக்கு. ரஷ்யக் கேஸைத் திரும்பக் கொண்டுவருவோம், குடியேறிகளைத் திருப்பி அனுப்புவோம் என்று அவர்கள் ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்டால், பெரியவர் இழந்த மூன்று வேலையில் ஒன்றையும் அது திருப்பித் தராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்னும் காபி குடிக்க வருகிறார்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டி ஒரு மாதத்துக்குள் மின் உற்பத்தி செய்பவற்றுக்கான மத்திய பதிவேட்டில் ஆன்லைனில் பதிய வேண்டும், கால் மணி நேர வேலை. மின் கம்பெனிக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். 2024 அக்டோபர் சட்டத்துக்குப் பிறகு தகுந்த காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்க முடியாது. எங்கள் வீட்டு உரிமையாளர் தரப்பு முதலில் எலக்ட்ரீஷியன் சான்றிதழ் கேட்டு இழுத்தடித்தது. சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதியதும் வழிக்கு வந்தார்கள். பயந்துகொண்டு விட்டுவிடாதீர்கள், குறிப்பாக நம்மவர்கள், விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று நினைத்து இதற்கெல்லாம் பின்வாங்குகிறோம். ஒன்றும் ஆகாது.

பேட்டரி: எங்களுக்கு வெளியே போவது வருஷத்துக்கு 170 யூனிட். முழுக்கப் பிடித்து வைத்தால்கூட 55 யூரோதான் மிச்சம். அதற்கு ஐந்நூறு, அறுநூறு யூரோ போடுவது வீண்.

கடைசியாக, வார்டில் கூட வேலை பார்க்கிற பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி. 2026 செப்டம்பரில் மாநிலத் தேர்தல் வருகிறது. முடிவைப் பார்த்துவிட்டு ஹானோவர், ஹாம்பர்க் பக்கம் போய்விடலாமா என்று சிலர் பேசுகிறார்கள். அப்படிப் போனால் இந்த செட் வீணா? வீணாகாது. இது உங்கள் சொத்து, சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. பிளக்கை எடுத்துவிட்டு, இன்வெர்ட்டரைக் கழற்றி, இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணியில் பலகைகள் கீழே வந்துவிடும். சாமான் வண்டியில் மெத்தைகளுக்கு நடுவே நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். புது ஊரில் பதிவேட்டில் முகவரியை மாற்ற வேண்டும். கொக்கி மட்டும் அங்கே உள்ள கிராதிக்குத் தகுந்தபடி வேறு வாங்க வேண்டியிருக்கலாம், நாற்பது யூரோவுக்குள் முடியும்.